சிறிய கல்லில் அடர்நீலம் தெரிந்தால் நிதானியுங்கள்

மார்ச்சில் பிறந்த மகளுக்கு அந்த மாதத்துக்குரிய ரத்தினக்கல்லான அக்வாமரைனில் மோதிரம் வாங்க நினைத்து, இரண்டு கடைகளில் இரண்டு கற்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒன்று 1.5 காரட், நீள்வட்டம், கண்ணைப் பறிக்கும் அடர்நீலம். மற்றொன்று 4 காரட், நீள்சதுரம், ஒரு செம்புத் தண்ணீரில் ஒரு சொட்டு நீலம் விட்டதைப் போன்ற வெளிர்நிறம். முதல் கடைக்காரர் “வெளிறிய கல் தரம் குறைந்தது” என்றார். இரண்டாமவர் “அந்த அடர்நீலம் சூடேற்றி வரவழைத்தது, இயற்கையே இல்லை” என்றார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. மகள் தினமும் அணியப் போகிறாள். எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடர்நீலக் கல்லை ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள். வெளிர்கல்லை அதன் நிறத்துக்காக ஒதுக்காதீர்கள். அதன் வெட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்தக் கல்லைப் பொறுத்தவரை நிறமும் அளவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை. அந்த உறவு புரிந்துவிட்டால் கடைக்காரர் சொல்வதில் எது சரி, எது தவறு என்று நீங்களே பிரித்துவிடலாம். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்வாமரைன், பெரில் என்ற கனிமத்தின் ஒரு வகை. பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்தது பெரில். தூய நிலையில் அதற்கு நிறமே கிடையாது. குரோமியம் அல்லது வனேடியம் சிறிதளவு கலந்தால் மரகதம் ஆகிறது. இரும்பு கலந்தால் அக்வாமரைன். மரகதமும் அக்வாமரைனும் உடன்பிறந்தவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வோக்லான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1798இல் பெரிலையும் மரகதத்தையும் பகுத்தாய்ந்தபோதுதான் பெரிலியம் என்ற தனிமமே உலகுக்குத் தெரியவந்தது.

ஆனால் உடன்பிறந்தவை என்றாலும் நிறத்தின் வலிமையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. குரோமியம் சிறிதளவு இருந்தாலே கல்லை அழுத்தமாகப் பச்சையாக்கிவிடும். பெரிலுக்குள் இருக்கும் இரும்பு அப்படிச் செய்வதில்லை. அது தரும் நீலம் மென்மையானது. கடல்நீரை உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள், நிறமே இருக்காது. அதே நீரைப் படகிலிருந்து குனிந்து பார்த்தால் நீலம். நீர் மாறவில்லை, ஒளி கடந்துவரும் தூரம்தான் கூடியிருக்கிறது. அக்வாமரைனும் அப்படித்தான். ஒரே படிகத்திலிருந்து 1 காரட்டும் 10 காரட்டுமாக இரண்டு கற்களை வெட்டினால், சிறியது கண்ணாடித் துண்டுபோல் வெளிறித் தெரியும், பெரியது நல்ல நீலமாகத் தெரியும். லத்தீனில் ‘கடல்நீர்’ என்ற பொருளில் அமைந்த பெயர் இந்த வகையிலும் பொருத்தமாகிவிட்டது.

இதனால்தான் பெரிய அக்வாமரைன்கள் பேர்பெற்றவையாக இருக்கின்றன. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ‘டோம் பெட்ரோ’ என்ற அக்வாமரைன் இருக்கிறது. ஜெர்மானியக் கலைஞர் பெர்ண்ட் முன்ஸ்டைனர் 1990களின் தொடக்கத்தில் வெட்டியது. 10,363 காரட் எடை, ஏறத்தாழ 35 செ.மீ. உயரம், ஒரு சிறிய கோபுரம்போல் நிற்கும். பின்பக்கத்தில் அவர் வெட்டிய கோடுகள் ஒளியை வாங்கித் திருப்புவதால் உள்ளிருந்தே வெளிச்சம் வருவதுபோல் இருக்கும். அத்தனை பெரிய, பழுதில்லாத கல் கிடைப்பது மரகதத்தில் நினைத்துப் பார்க்கவும் முடியாத காரியம். அக்வாமரைன் பெக்மடைட் என்ற பரும்படிகப் பாறைகளில் நெருக்கடியில்லாமல் வளர்வதால் படிகங்கள் பெரிதாகவும் தெளிவாகவும் அமைகின்றன. பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில், மரம்பாயா என்ற இடத்தில் 1910இல் எடுத்த ஒரு படிகம் 110.5 கிலோ இருந்தது.

இப்போது உங்கள் 1.5 காரட் கல்லுக்கு வருகிறேன். அந்த அளவில் ஏறத்தாழ 8 மி.மீ. நீளம்தான் இருக்கும். அவ்வளவு சிறிய கல்லில் கண்ணைப் பறிக்கும் அடர்நீலம் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. மிக அரிய கல்லாக இருக்க வேண்டும், அல்லது அது அக்வாமரைனே இல்லை. அரிய கற்கள் இல்லாமல் இல்லை. பிரேசிலின் சாந்தா மரியா டி இட்டாபிரா பகுதியில் எடுத்த அடர்நீலக் கற்களால் ‘சாந்தா மரியா’ என்ற பெயரே அந்த நிறத்துக்கு வணிகப் பெயராகிவிட்டது. பிற்பாடு மொசாம்பிக்கில் அதே போன்ற கற்கள் கிடைத்தபோது அவற்றை ‘சாந்தா மரியா ஆஃப்ரிகானா’ என்று அழைத்தார்கள். ஆனால் அப்படிப்பட்ட கல் ஒரு பெரிய வெளிர்கல்லின் விலைக்குக் கிடைக்காது. உங்களுக்கு இரண்டும் ஒரே விலை என்று சொல்லியிருக்கிறார்கள். என்னை நிறுத்தியது அந்த வரிதான்.

அடர்நீலமாக, மலிவாக, பளிச்சென்று இருக்கும் கல் பெரும்பாலும் நீல டோபாஸ் என்ற வேறு கனிமம். நிறமற்ற டோபாஸைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, பிறகு சூடேற்றி நீலமாக்குகிறார்கள். அந்த நீலம் நிலையானது. கல்லும் உண்மையான டோபாஸ்தான். ‘நீல டோபாஸ்’ என்று சொல்லி விற்றால் அதில் எந்தத் தவறும் இல்லை. அக்வாமரைன் என்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று. சில வேளைகளில் விற்பவருக்கே தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். ‘பிரேசிலியன் அக்வாமரைன்’ என்ற பழைய வணிகப் பெயரில் டோபாஸையும், ‘சயாம் அக்வாமரைன்’ என்ற பெயரில் நீலச் சிர்கான் என்ற இன்னொரு கனிமத்தையும் விற்றிருக்கிறார்கள். முன்னால் ஓர் ஊரின் அல்லது நாட்டின் பெயரை ஒட்டவைத்த கல்லைப் பார்த்தால் ‘இது என்ன கனிமம்?’ என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். ‘பெரில்’ என்ற சொல் பதிலில் வர வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் திருமண நாள் பரிசாக வாங்கிய மோதிரத்தை என்னிடம் கொண்டுவந்தார். கல்லைப் பிடித்திருந்த உலோக நகத்தைத் தளர்த்திக் கல்லைக் கழற்றி எடையிட்டேன், 3.20 காரட். பிறகு தராசில் ஒரு சிறிய கம்பிக் கூடையைத் தொங்கவிட்டு, கல்லைத் தண்ணீருக்குள் வைத்து மறுபடி எடையிட்டேன். தராசு 2.29 காட்டியது. தண்ணீருக்குள் இழந்த எடை 0.91. மொத்த எடையை அதனால் வகுத்தால் 3.5 வருகிறது. தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்று காட்டும் இந்த எண்தான் ஒப்படர்த்தி. அக்வாமரைனின் ஒப்படர்த்தி 2.7 அளவில் இருக்கும். அக்வாமரைனாக இருந்திருந்தால் தராசு ஏறக்குறைய 2.02 காட்டியிருக்கும். 3.5 என்பது டோபாஸுக்கு உரிய எண். கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஒளிவிலகல் மானியில் வைத்துப் பார்த்தபோது 1.61, 1.62 பக்கம் கோடு விழுந்தது. அக்வாமரைன் என்றால் 1.57, 1.58 பக்கம் விழ வேண்டும். மோதிரத்தின் சொந்தக்காரர் அந்த எண்களைத் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அதன் பிறகு வெகுநேரம் பேசவில்லை. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. இந்தப் பதிலை இத்தனை நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தராசு இல்லாமலேயே ஒரு குறிப்பு கிடைக்கும். ஒரே அளவும் ஒரே வெட்டும் கொண்ட டோபாஸ், அக்வாமரைனைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எடை இருக்கும். நீள அகலத்தைப் பார்த்தால் சிறியதாகவும், எடைச் சீட்டில் கனமாகவும் இருந்தால் சந்தேகம் வர வேண்டும்.

வேறு போலிகளும் உண்டு. ஆய்வகத்தில் வளர்த்த ஸ்பினல் என்ற வேறு கனிமம் (செயற்கை ஸ்பினல்), கண்ணாடி இரண்டும் பழைய நகைகளில் நிறைய வரும். பத்து மடங்கு லென்ஸில் உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் கண்ணாடி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். சிர்கானில் லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். அக்வாமரைனில் அப்படித் தெரியாது. கொஞ்சம் அபாயமான இன்னொன்றும் இருக்கிறது, மாக்ஸிஷே பெரில். இது பெரில்தான். பிரேசிலின் மாக்ஸிஷே சுரங்கத்தில் 1917இல் கண்டெடுத்த, மயக்கும் கருநீலக் கல். ஆனால் வெளிச்சத்தில் நிறம் வெளுத்துவிடும். 1970களில் கதிர்வீச்சின் மூலம் இதே நிறத்தைச் சாதாரண பெரிலுக்குக் கொடுத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். வாங்கும் நாளில் நீலமணிபோல் இருக்கும், பகல் வெளிச்சம் படப்பட வெளிறும். அடர்நீலக் கல் ‘பெரில்தான்’ என்று தெரிந்த பிறகும் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வது இதற்காகத்தான்.

இனி இரண்டாம் கடைக்காரர் சொன்ன சூடேற்றும் விஷயம். அவர் அதைக் குற்றச்சாட்டுபோல் சொல்லியிருக்கிறார், அது நியாயமில்லை. மண்ணிலிருந்து வரும் பெரும்பாலான அக்வாமரைன்கள் பச்சை கலந்த நீலமாகவே இருக்கும். கல்லில் உள்ள இரும்பு இரண்டு நிலைகளில் இருக்கிறது. ஒன்று நீலம் தருகிறது, மற்றொன்று மஞ்சள் சாயல் தருகிறது. நீலமும் மஞ்சளும் சேர்வதால் பச்சை. 400 முதல் 450 பாகை செல்சியஸ் வரை பக்குவமாகச் சூடேற்றினால் மஞ்சள் தரும் இரும்பு தன் நிலையை மாற்றிக்கொள்கிறது. மஞ்சள் விலகி நீலம் மட்டும் மிஞ்சுகிறது. இந்த மாற்றம் நிலையானது. திரும்பப் பச்சையாகாது, வெளுக்காது, கல்லின் உறுதி குறையாது. பெரும்பாலான கற்களில் ஆய்வகங்களாலும் சூடேற்றியதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. சான்றிதழிலும் அதை அப்படியே எழுதிவிடுவார்கள். எனவே “இது சூடேற்றாத கல்” என்று யாராவது கூடுதல் விலை கேட்டால், எப்படித் தெரியும் என்று கேளுங்கள். சுரங்கத்திலிருந்தே கைமாறி வந்ததைக் காட்டக்கூடிய ஒரு சிலரால் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

ஒன்றைக் கவனியுங்கள். சூடேற்றுவது பச்சையைத்தான் நீக்குகிறது, வெளிர்கல்லை அடர்கல்லாக்குவதில்லை. இரும்பே குறைவாக உள்ள கல்லை எவ்வளவு சுட்டாலும் நீலம் கூடாது. ஆகவே ‘அடர்நீலம் சூட்டினால் வந்தது’ என்ற விளக்கம் உங்கள் 1.5 காரட் கல்லுக்குப் பொருந்தாது. அந்த நிறத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

பச்சை கலந்த கற்களைப் பற்றி என் சொந்த ரசனையைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடற்பச்சைச் சாயல் உள்ள அக்வாமரைனைத்தான் விரும்பினார்கள். இன்று சந்தை தூய நீலத்தை நாடுகிறது, விலையும் அப்படியே. எனக்கு இன்னமும் அந்தப் பச்சைச் சாயல்தான் பிடிக்கிறது. ஆழமில்லாத கரையோரக் கடலில் வெயில் படும்போது தெரிகிற நிறம் அது. மகளுக்கு அது பிடித்துவிட்டால், சந்தை குறைத்து மதிப்பிடும் ஓர் அழகான கல் உங்களுக்குக் குறைந்த செலவில் கிடைத்துவிடும். சாம்பல் கலந்த கற்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெளிறிய நீலத்தில் சாம்பல் கலந்தால் மேகமூட்டமான நாள்போல் சோர்ந்து தெரியும்.

அடுத்தது வெட்டு. உங்கள் 4 காரட் கல்லின் தலையெழுத்து இதில்தான் இருக்கிறது.

அக்வாமரைன் படிகம் ஆறு பக்கப் பென்சில்போல் வளர்கிறது. இந்தப் பென்சிலின் நுனிப்பக்கத்திலிருந்து உள்ளே பார்த்தால் நிறம் மிக வெளிறியிருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நீலம் தெரியும். ஒரே கல்லில் திசைக்கு ஒரு நிறம். எனவே விவரமறிந்த வெட்டுநர் கல்லின் மேல்முகத்தைப் படிகத்தின் நீளவாக்கில் அமைப்பார். நீளமான படிகத்தை நீளவாக்கில் கிடத்தினால் இயல்பாக வருவது நீள்சதுரம்தான். அக்வாமரைனில் படிப்படியான பட்டைகள் கொண்ட நீள்சதுர வெட்டு இவ்வளவு காணப்படுவதற்கு இதுவும் காரணம். நிறமும் காப்பாற்றப்படுகிறது, எடையும் வீணாகாது. மாறாக, கிடைத்த துண்டின் வடிவத்தைப் பார்த்து எடைக்காக மட்டும் குறுக்கே வெட்டினால், நல்ல நீலப் படிகத்திலிருந்தும் நீர்த்துப்போன கல்தான் வரும்.

இதை நீங்களே பார்க்கலாம். வண்டி ஓட்டும்போது அணியும் போலராய்டு கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லை வெள்ளைத்தாளில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியின் ஒரு வில்லை வழியாகக் கல்லைப் பாருங்கள். வில்லையை மெல்லக் கால் சுற்று திருப்புங்கள். நன்றாக வெட்டிய அக்வாமரைன் ஒரு நிலையில் நீலமாகவும், கால் சுற்றில் ஏறக்குறைய நிறமற்றும் தெரியும். முதன்முதலில் பார்க்கிறவர்கள் கல்லை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். கண்ணாடியால் செய்த போலிக் கல்லிலும் செயற்கை ஸ்பினலிலும் இந்த மாற்றம் வராது. ஆனால் டோபாஸும் ஓரளவு மாறிக்காட்டும் என்பதால், இதை வைத்து ‘டோபாஸ் இல்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

வெட்டில் இன்னொரு பெரிய குறை இருக்கலாம். நகைக்காரர்கள் இதை ‘ஜன்னல்’ என்பார்கள். கல்லின் அடிப்பகுதி போதிய சரிவில்லாமல் தட்டையாக இருந்தால், மேலிருந்து நுழைந்த ஒளி திரும்பி வராமல் அடிவழியாகவே வெளியேறிவிடும். அக்வாமரைனின் ஒளிவிலகல் எண் வைரத்தைப்போல் உயர்ந்ததில்லை. ஆகவே அடிச்சரிவு சரியாக அமையாவிட்டால் ஒளியைப் பிடித்துவைக்க அதனால் முடியாது. விளைவு, கல்லின் நடுவில் நிறமும் மினுமினுப்பும் இல்லாத ஒரு வெற்றிடம். அடர்நிறக் கல்லில் இது ஓரளவு மறையும், வெளிர்கல்லில் மறையவே மறையாது. அச்சிட்ட தாளின் மேல் கல்லை வைத்து மேலிருந்து நேராகப் பாருங்கள். நடுவில் எழுத்துகளைப் படிக்க முடிந்தால் ஜன்னல் இருக்கிறது. எழுத்து சிதறி, நொறுங்கி, நிறமாக மாறித் தெரிந்தால் வெட்டு நன்று.

ஒரு 4 காரட் வெளிர்கல் ஜன்னலில்லாமல், முழு முகமும் உயிரோடு இருந்தால், அதைவிடச் சற்று அடர்ந்த, ஜன்னலுள்ள கல்லைக் காட்டிலும் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். வைரத்தைப்போல் வானவில் நிறங்களைச் சிதறடிக்கும் தன்மை அக்வாமரைனுக்குக் குறைவு. தெளிவும், உள்ளே ஒளி நடமாடுவதும்தான் இதன் அழகு. வெட்டு கெட்டுவிட்டால் அதுவும் போய்விடும்.

உட்பழுதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெளிவான கற்கள் தாராளமாகக் கிடைப்பதால், வெறுங்கண்ணுக்குப் பழுது தெரிகிற கல்லை நகைக்கு வாங்க வேண்டிய அவசியமில்லை. லென்ஸில் பார்த்தால் சில கற்களில் நீளவாக்கில் மெல்லிய குழாய்கள் மழைத்தாரைபோல் தெரியும். அது இயற்கைக் கல் என்பதற்கு நல்ல அடையாளம். அந்தக் குழாய்கள் மிக நெருக்கமாக இருந்து கல்லை மழமழவென்று குவித்து வெட்டினால், மேலே பூனைக்கண்போல் ஓர் ஒளிக்கோடு ஓடும். தமிழில் ஒரு சொற்குழப்பம் வருவதும் இங்கேதான். பெரில் என்ற பெயரே வைடூரியம் என்ற சொல்லோடு வேர்த்தொடர்பு உடையது. ஆனால் இன்று வைடூரியம் என்று நாம் சொல்வது கிரைசோபெரில் என்ற வேறு கனிமத்தில் அமையும் பூனைக்கண்ணை. அக்வாமரைன் நவரத்தின வரிசையில் உள்ள கல்லும் இல்லை. யாராவது இதையும் வைடூரியத்தையும் ஒன்றாக்கிப் பேசினால் கனிமப் பெயரைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பார்க்கும் விதத்திலும் கவனம் வேண்டும். கல் வியாபாரிகள் கற்களை மடித்து வைக்கும் தாளின் உள்பக்கம் பெரும்பாலும் இளநீலமாக இருக்கும். அந்தத் தாளிலேயே வைத்துப் பார்த்தால் எந்த வெளிர்கல்லும் ஒரு படி நீலமாகத் தெரியும். கல்லை எடுத்து வெள்ளைத்தாளில் வையுங்கள். வாசல் பக்கம், நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, வீட்டு மஞ்சள் விளக்குபோன்ற வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். கடையின் காட்சிப்பெட்டி விளக்குகள் எல்லாக் கற்களையும் அழகாக்குவதற்கென்றே பொருத்தப்பட்டவை. பிறகு கல்லை விரல்களுக்கு நடுவில் வைத்துக் கைநீளத் தூரத்தில் பிடியுங்கள். மோதிரத்தை உலகம் பார்ப்பது அந்தத் தூரத்திலிருந்துதான். அங்கிருந்தும் நீலம் தெரிந்தால், அது போதுமான நீலம்.

கல் முடிவானதும் அதைப் பதிக்கும் விதம். வெள்ளைத் தங்கமும் பிளாட்டினமும் குளிர்ந்த நீலத்தைத் தூக்கிக்காட்டும். மஞ்சள் தங்கம் தன் சாயலைக் கல்லுக்குள் அனுப்பும். பச்சை கலந்த கல்லுக்கு அது மிகப் பொருந்தும், வெளிர்நீலக் கல்லை அது சற்றே மங்கச் செய்யலாம். மஞ்சள் தங்கம்தான் வேண்டும் என்றால், கல்லைப் பிடிக்கும் கிண்ணத்தையும் நகங்களையும் மட்டும் வெள்ளை உலோகத்தில் செய்யச் சொல்லலாம். கல்லின் அடிப்பகுதி முழுவதுமாக மூடியிருக்கும் நகைகளை நன்றாக யோசித்து வாங்குங்கள். பழங்காலத்தில் வெளிறிய கற்களுக்கு அடியில் வண்ணத் தகடு வைத்து நிறம் ஏற்றினார்கள். அடிமூடிய நகையில் தெரியும் நிறம் கல்லுடையதா, தகடுடையதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அத்துடன், சோப்பும் எண்ணெயும் உள்ளே தங்கிக் கல்லை மங்கச்செய்துவிடும்.

தினமும் அணியப் போகிறாள் என்பதால் உறுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அக்வாமரைன் 7.5 முதல் 8 வரை. நம்மைச் சுற்றியுள்ள தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு, அவற்றின் கடினத்தன்மை 7. ஆகவே தூசியால் எளிதில் கீறல் விழாது. மரகதத்தைப்போல் உள்விரிசல்கள் நிறைந்ததும் இல்லை, எண்ணெய் ஊட்டிக் காப்பாற்ற வேண்டியதும் இல்லை. ஆனால் வைரம், நீலக்கல், டோபாஸ் ஆகியவற்றோடு ஒரே பெட்டியில் உரசவிட்டால் பட்டை விளிம்புகள் தேயும். தனிப் பையில் வைக்கச் சொல்லுங்கள். நீள்சதுரக் கல்லின் மூலைகள் முதலில் அடிபடும் இடங்கள். மூலைகளைச் சீவி எட்டுப்பக்கமாக்கிய வெட்டா என்று பாருங்கள். நகங்கள் அந்த மூலைகளைத் தழுவிப் பிடிக்க வேண்டும். நான்கு பக்கமும் உலோக விளிம்பு அணைத்துப் பிடிக்கும் அமைப்பு இன்னும் பாதுகாப்பானது. நிறம் கொஞ்சம் அடங்கித் தெரியும், ஆனால் கையால் வேலை செய்கிற ஒரு பெண்ணின் மோதிரத்துக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

பின்னாளில் இதற்குப் பொருத்தமாகக் காதணியும் செய்ய நினைத்தால், நிறம் ஒத்த ஜோடி தேடுவது எளிதில்லை என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிர்நிறங்களில் சிறு வேறுபாடும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். பிரேசில் நாட்டுக் குடியரசுத் தலைவரும் மக்களும் 1953இல் இரண்டாம் எலிசபெத் அரசிக்கு முடிசூட்டுப் பரிசாக அக்வாமரைன் கழுத்தணியும் காதணிகளும் அனுப்பினார்கள். அந்த நகையின் படத்தைப் பார்க்கும்போது பெரிய கற்களைவிட, அத்தனை கற்களையும் நிறம் பொருத்திக் கோத்திருப்பதுதான் எனக்கு மலைப்பாக இருக்கும். ஜோடியாக வாங்கினால் ஒரே படிகத்திலிருந்து வெட்டியவையா என்று கேளுங்கள்.

பராமரிப்பு எளிது. வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, குழந்தைகளின் பல் துலக்கும் பிரஷ். கல்லின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுவதுதான் முக்கியம். மங்கிப்போன கல் என்று என்னிடம் வருபவற்றில் பாதிக்கு இந்தக் குளியலே போதும். கல்லுக்குள் நீர்மக் குமிழ் இருந்தால் அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் கருவியும் நீராவியும் ஆகாது.

நகைப்பட்டறையின் நெருப்பு எந்த அக்வாமரைனுக்கும் ஆகாது. என் தங்கையின் மோதிரத்தை அளவு பெரிதாக்கக் கொடுத்திருந்தோம். வேலை செய்தவர் கல்லைக் கழற்றாமலேயே வளையத்தைச் சுட்டுப் பற்றவைத்துவிட்டார். கல்லுக்குள் மெல்லிய ஒரு குழாயில் அடைபட்டிருந்த நீர்மம் சூட்டில் விரிந்து, சுற்றிலும் மீன்செதில்போல் ஒரு வட்ட விரிசல். வெயிலில் திருப்பினால் அது மின்னும். பார்க்கிறவர்கள் அழகாக இருக்கிறது என்பார்கள், எனக்குத்தான் வயிற்றைப் பிசையும். மகளின் விரல் அளவை இப்போதே சரியாக எடுத்துவிடுங்கள். எப்போதாவது அளவு மாற்ற நேர்ந்தால் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்பைக் காட்ட வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

சான்றிதழைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகம் கடைக்குத் தொடர்பில்லாததாக இருக்க வேண்டும். ‘கனிமம்: இயற்கை பெரில், வகை: அக்வாமரைன்’ என்ற வரிதான் உங்களுக்கு வேண்டியது. எடையும் மில்லிமீட்டர் அளவுகளும் கையில் உள்ள கல்லோடு பொருந்துகின்றனவா என்று அங்கேயே சரிபாருங்கள். சூடேற்றியதா இல்லையா என்று தெரியவில்லை என்ற குறிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். பாகிஸ்தான், நைஜீரியா, மடகாஸ்கர், பிரேசில் என்று எங்கிருந்து வந்திருந்தாலும் கல்லின் அழகுக்கு அது ஒன்றும் கூட்டுவதில்லை. ஊர்ப்பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

ஆக, இனி செய்ய வேண்டியது. 1.5 காரட் கல்லைப் பொறுத்தவரை “உங்கள் செலவில் ஆய்வகச் சான்றிதழ் தருவீர்களா, அக்வாமரைன் இல்லையென்றால் பணம் திரும்ப வருமா” என்று கேளுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். 4 காரட் கல்லுக்கு வெள்ளைத்தாள், அச்சிட்ட தாள், போலராய்டு கண்ணாடி மூன்றையும் எடுத்துக்கொண்டு காலை வேளையில் போங்கள். எழுத்து தெரியாமல், கைநீளத்தில் நீலம் தெரிந்தால் வாங்கிவிடுங்கள். நடுவில் ஜன்னல் இருந்தால் அதே செலவில் 2.5 அல்லது 3 காரட்டில் நன்றாக வெட்டிய கல் கேளுங்கள். காரட் குறைந்ததாக மகளுக்குத் தோன்றாது, உயிர்ப்பு கூடியது தோன்றும். கல்லின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு வந்து எழுதுங்கள். அடிச்சரிவு போதுமா, எந்த அமைப்பில் பதிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.